கண்புரையும் ஸஜ்தாவும்

"ஆபரேஷன் செய்தால் சில நாட்கள் ஸஜ்தா கூடாது என்கிறார் டாக்டர். பார்வை போனாலும் போகட்டும், தொழுகை போகக் கூடாது." காட்டுப்பள்ளி, அத்திப்பட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இவ்விதம் கூறிக் கண்புரைச் சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடுகின்றனர். ஈமானின் உறுதியைக் காட்டும் சொல்தான். ஆயினும், மார்க்கச் சட்டம் இதில் என்ன கூறுகின்றது என்று ஓர் ஆலிமிடம் கேட்டறிந்தபின் அல்லவா இம்முடிவுக்கு வர வேண்டும்?

முதலில் நோயை அறிவோம். கண்ணின் பாப்பாவுக்குப் பின்னால் பளிங்கு போன்ற வில்லை ஒன்றை அல்லாஹ் அமைத்துள்ளான். வயது ஏற ஏற அவ்வில்லையிலுள்ள புரதம் திரண்டு மங்கிவிடுகின்றது. அதுவே புரை. நீரிழிவு, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்துகளின் நெடுநாள் உபயோகம், கடும் வெயில் ஆகியவை இதனை விரைவுபடுத்தும். கடலிலும் துறைமுகத் திறந்தவெளியிலும் உழைப்போர் கறுப்புக் கண்ணாடி அணிவது நலம். 'கண்ணில் பூ விழுதல்' என்பது வேறு; அது கருவிழியில் ஏற்படும் தழும்பு. கண் நீர் அழுத்த நோயும் வேறு. அதனால் இழந்த பார்வை திரும்புவதில்லை. எனவே, மங்கலெல்லாம் புரைதான் என்று நாமே தீர்மானித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுதல் ஆபத்து. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்தும் கிடையாது.

அரபு மருத்துவர்கள் இந்நோயை 'நுஸூலுல் மாஃ', அதாவது 'நீர் இறங்குதல்' என்றழைத்தனர். மௌஸில் நகரத்து அம்மார் இப்னு அலீ, சுமார் 1000-ஆம் ஆண்டில், உள்துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சியெடுக்கும் முறையைத் தம் நூலில் விவரித்துள்ளார்.

அதற்கும் முன்பே இக்கேள்வி எழுந்துவிட்டது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கண்ணில் நீர் இறங்கியபோது, "சில நாட்கள் படுத்தவாறு தொழ வேண்டும், சிகிச்சை செய்கிறேன்" என்று மருத்துவர் கூற, ஸஹாபாக்கள் சிலரிடம் ஆலோசித்துவிட்டு அன்னார் அதனை விட்டுவிட்டார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. நம் பெரியவர்களும் இதனையே ஆதாரம் காட்டுவர். ஆனால், இவ்வறிவிப்பை நன்கறிந்த ஃபிக்ஹு மேதைகள் வந்த முடிவு என்ன? நம்பத்தகுந்த மருத்துவர் கூறினால் படுத்தவாறு சைக்கினையால் தொழலாம் என்பதே சரியான கருத்து என்று ஷாஃபியீ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) எழுதுகின்றார்கள். ஹனஃபி நூல்களிலும் கண்ணில் நீர் எடுக்கப்பட்டவருக்கு இதே சலுகை கூறப்பட்டுள்ளது.

இத்தனைக்கும் அது பழங்காலச் சிகிச்சை. நம் பாட்டனார் காலத்திலும் பெரிய கீறலிட்டுத் தையல் போட்டு, தலையின் இருபுறமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் கிடத்தினர். இன்று 2 அல்லது 3 மில்லிமீட்டர் துளை வழியே ஒலியதிர்வால் புரையை உடைத்து எடுத்துவிட்டு, மடித்த செயற்கை வில்லையை உள்ளே விரிக்கின்றனர். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகின்றனர். குனியக் கூடாத நாட்கள் எத்தனை என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். அதுவரை நாற்காலியில் அமர்ந்து, ருகூஉவைவிட ஸஜ்தாவுக்குச் சற்று அதிகமாகத் தலை சாய்த்தால் போதும். அதையும் மருத்துவர் தடுத்தால் படுத்தே தொழலாம்.

உளூவில் கண்ணுக்குள் தண்ணீர் புகலாகாது. முகத்தின் மற்ற பகுதியைக் கழுவி, கண்ணருகே இடையூறின்றி ஈரக்கையால் தடவுவது ஹனஃபி முறை. ஷாஃபியீயினர் தயம்முமும் சேர்ப்பர். கண்ணில் இடும் சொட்டு மருந்தால் நோன்பு முறியாது என்பதே இவ்விரு மத்ஹபுகளின் தீர்ப்பு. ஆகவே, "ரமளான் கழியட்டும்" என்பதும் காரணமாகாது. சுர்மாவை மட்டும் மருத்துவர் அனுமதிக்கும்வரை ஒதுக்கி வையுங்கள்.

செலவுக்கு அஞ்சுவோர், அத்திப்பட்டு புதுநகரில் மின்ரயிலேறிச் சென்ட்ரல் வந்தால், 1819-இல் தொடங்கப்பெற்ற எழும்பூர் அரசு கண் மருத்துவமனை அருகில்தான். அங்கு வில்லையுடன் சிகிச்சை இலவசம். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துச் சீட்டுகளையும் மறவாதீர். வீடு திரும்பியபின் வலியோ சிவப்போ மிகுந்தாலும், பார்வை திடீரென மங்கினாலும், மறுநாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.