மூணு வாரம், 1,80,000 ரூபாய், 15 மணி நேரம்

"இன்டென்சிவ்" என்ற வார்த்தைக்கு இப்போது நல்ல மார்க்கெட். பெருமூளை வாதம், அதாவது செரிப்ரல் பால்சி உள்ள குழந்தையின் அம்மாவிடம் போய் இந்த வார்த்தையைச் சொன்னால் போதும். கழுத்தில் காதில் இருப்பதைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். மிகைப்படுத்தவில்லை. நான் வங்கி அதிகாரி. அப்படிக் கழற்றியதை எடை போட்டுப் பையில் கட்டி சீல் வைப்பது எங்கள் கவுன்டரில்தான்.

பி.காம் படித்தவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வைத்தியம் சொல்ல வரவில்லை சாமி. கணக்குப் பார்க்க வந்திருக்கிறேன்.

நாக்பூரில் எங்கள் கிளைக்கு வந்த ஒரு நகைக்கடன். மூன்று வயதுப் பையன், இரண்டு காலும் விறைப்பு. "மூணு வாரத்தில் நிற்க வைத்துவிடுவார்களாம் சாஹேப்" என்றார் அம்மா. கையில் ஒரு பளபள நோட்டீஸ். மூன்று வாரம், 18 நாள், தினம் 4 மணி நேரம், 1,80,000 ரூபாய். பின்பக்கம் தினசரி அட்டவணை. எண்களைப் பார்த்தால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாத வியாதி எனக்கு. ஒத்தடமும் மசாஜும் 50 நிமிடம். தெரபிஸ்ட் கைகாலை மடக்கி நீட்டிவிடுவது 50 நிமிடம். ஆக்சிஜன் அறை 60 நிமிடம். ஸ்பெஷல் உடுப்பு மாட்டி ஸ்டாண்டில் கட்டி நிற்க வைப்பது 30 நிமிடம். குழந்தை தானாக எதையாவது செய்து பழகுவது 50 நிமிடம்.

18 நாளைக்கு 900 நிமிடம். 15 மணி நேரம். மணிக்கு 12,000 ரூபாய்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒரே விஷயம். தீவிரம் என்பது குழந்தை போடும் முயற்சியில் இருக்க வேண்டும், பில்லில் அல்ல. கேரியரில் உட்கார்ந்து பத்து கிலோமீட்டர் போனவன் சைக்கிள் கற்றுக்கொள்வதில்லை. மிதித்து விழுந்தவன்தான் கற்றுக்கொள்கிறான். மூளைக்கும் அதே சட்டம்தான்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு 2013லும், மறுபடி 2020லும் பெருமூளை வாதத்துக்கான சிகிச்சைகளை வரிசையாக எடுத்து, சான்று எப்படி இருக்கிறது என்று சிக்னல் விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு போட்டது. பச்சை வாங்கியவற்றில் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. குழந்தையே செய்ய வேண்டும், நிஜமான வேலையைச் செய்ய வேண்டும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அடுத்தவர் கையால் அசைத்துவிடுகிற வகையறாக்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

ஆக்சிஜன் அறை? 2001ல் கனடாவில் 111 குழந்தைகளை வைத்துப் பார்த்து லான்செட் இதழில் எழுதிவிட்டார்கள். ஒரு குழுவுக்கு அழுத்தம் கூட்டிய ஆக்சிஜன், இன்னொரு குழுவுக்கு லேசாக அழுத்தம் கூட்டிய சாதாரணக் காற்று. இரண்டு குழுவும் ஒரே அளவுக்குத்தான் முன்னேறின. ஆக்சிஜனுக்கென்று தனிப் பலன் இல்லை. இது நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நம் ஊர் நோட்டீஸில் இன்னும் தினம் ஒரு மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன கொடுமை சார் இது!

அப்படியானால் தீவிரப் பயிற்சியே மோசடியா? இல்லவே இல்லை. அது நிஜம், அதனால்தான் கோபம் வருகிறது. அமெரிக்காவின் எட்வர்ட் டாப் உருவாக்கிய கட்டுப்பாட்டு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு நல்ல கையில் உறை மாட்டிவிடுவார்கள். பிஸ்கட் வேண்டுமா, பலவீனமான கையால்தான் எடுக்க வேண்டும். 2024ல் ஜாமா பீடியாட்ரிக்ஸில் வந்த ஐரோப்பிய ஆய்வில் ஒரு பக்க பாதிப்புள்ள 1 முதல் 4 வயதுக் குழந்தைகள், விளையாட்டு வடிவில் இரண்டு கைகளும் கால்களும் சேர்ந்து வேலை செய்யும் பயிற்சியை இரண்டு வாரத்தில் 50 மணி நேரம் செய்தார்கள். பலன் தெரிந்தது. அந்த 50 மணி நேரமும் விளையாடியது குழந்தை, தெரபிஸ்ட் இல்லை.

எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சட்டை மாட்டுவது, ஸ்பூன் பிடிப்பது மாதிரி குறிப்பிட்ட கை வேலை ஒன்றுக்கு ஏறக்குறைய 14 முதல் 25 மணி நேரம், கையின் பொதுவான திறன் கூட 30 முதல் 40 மணி நேரம் என்று 2020ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. இதெல்லாம் ஏசி ஹாலில்தான் நடக்க வேண்டும் என்றில்லை. நோவாக் 2009ல் செய்த வீட்டுப் பயிற்சி ஆய்வில் பெற்றோர் மாதத்துக்குச் சராசரி 17.5 முறை, முறைக்கு 16.5 நிமிடம்தான் செய்தார்கள். எட்டு வாரத்துக்குக் கூட்டினால் பத்து மணி நேரம்கூட வராது. ஆனால் குறிக்கோளைக் குடும்பமே தேர்ந்தெடுத்தது, தெரபிஸ்ட் வழிகாட்டினார். பலன் கிடைத்தது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தக் குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலைக் குழந்தை நடக்கும், ஓடும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலை நிற்பதே சிரமம். எந்தப் பேக்கேஜும் ஐந்தை ஒன்றாக்காது. 2002ல் கனடாவின் பீட்டர் ரோசன்பாம் குழு வெளியிட்ட வளர்ச்சிக் கோடுகளின்படி, முதல் நிலைக் குழந்தை தன் இயக்கத் திறனில் 90 சதவீதத்தை ஏறக்குறைய 5 வயதுக்குள் எட்டுகிறது. ஐந்தாம் நிலையில் மூன்று வயதுக்கு முன்பே. அதற்குப் பிறகு ஒன்றும் கற்காது என்று அர்த்தமில்லை. ஆனால் சின்ன வயதின் ஒவ்வொரு மாதமும் தங்கம். "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் நடப்பான்" என்று ஒரு வருடம், பணம் சேர்க்க ஒரு வருடம் என்று அந்தத் தங்கத்தைத்தான் நாம் கரைக்கிறோம்.

"அப்போ எல்லாத்தையும் அம்மா தலையில் கட்டச் சொல்றீரா?" என்று ஒரு சகோதரி கேட்கப் போகிறார். நியாயமான கேள்வி. வீட்டுப் பயிற்சி என்றால் தெரபிஸ்ட் கைகழுவுவது அல்ல. எங்கள் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்ன செய்கிறது? கிராமத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, தெரபிஸ்ட் மேற்பார்வையில் வீடு வீடாக அனுப்புகிறது. குழந்தை தன் வீட்டுத் திண்ணையில், தன் தட்டில், தன் பாட்டி முன்னால் பழகுகிறது. ஆய்க்குடியில் முடிவது நாக்பூரில் ஏன் முடியாது?

முடியாமல் போவதற்குக் காரணம், காசு போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. 2013ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மாவட்டத்துக்கு ஓர் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று காகிதத்தில் இருக்கிறது. அங்கே தெரபிஸ்ட் பணியிடம் காலியாகக் கிடந்தால் பேக்கேஜ்காரனுக்குக் கொண்டாட்டம். நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் வரை உண்டு, தெரபியும் அதில் அடக்கம். கடன் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் கேள்விப்பட்டதே இல்லை என்பார்கள். வருமான வரியில் 80டிடி என்று நமக்குப் பழக்கமான கழிவு, 75,000 ரூபாய், கடும் பாதிப்பு என்றால் 1,25,000. புதிய வரி முறைக்குப் போனால் அதுவும் கிடையாது. மாற்றுத்திறனுள்ள குழந்தையைப் பராமரிக்கும் ஊழியருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கு தரலாம் என்று மத்திய அரசு 2014லேயே சுற்றறிக்கை விட்டது. விண்ணப்பத்தோடு அலைந்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். தெரபிஸ்ட் சம்பளமும் பெற்றோரின் நேரமும்தான் உண்மையான முதலீடு. அதற்குக் கொடுக்க மனமில்லாத நாம், நகைக்கடன் மட்டும் பத்து நிமிடத்தில் கொடுக்கிறோம்.

ஆகவே மக்களே, காசு கட்டுவதற்கு முன் நான்கே கேள்வி. தினம் எத்தனை நிமிடம் என் குழந்தை தானாக முயற்சி செய்யும்? எந்த வேலையைக் கற்கப் போகிறது, அதை யார் முடிவு செய்தது? நான் உள்ளே உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா? மூன்று வாரம் முடிந்த மறுநாள் வீட்டில் என்ன செய்வது? பதில் சொல்லும் இடத்துக்குத் தாராளமாகப் போங்கள். பதிலுக்குப் பதில் பழைய வீடியோ போட்டுக் காட்டினால், நகையைக் கழுத்திலேயே விட்டுவிட்டு எழுந்து வாருங்கள்.

டிஸ்கி: உங்கள் குழந்தைக்கு எது பொருந்தும் என்று சொல்ல வேண்டியது மருத்துவரும் தெரபிஸ்ட்டும். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை என் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள். கணக்கு மட்டும்தான் என்னுடையது. அதில் தப்பிருந்தால் பின்னூட்டத்தில் கிழியுங்கள், காத்திருக்கிறேன்.