கடல் பொய்த்தால் மட்டும் நோட்டீஸா?

வங்கிக்காரனே வங்கியைத் திட்டலாமான்னு கேட்பீங்க. திட்டித்தான் ஆகணும் மக்களே.

2021-ல் பள்ளுருத்தியில என் டேபிள் முன்னாடி ஒரு குளச்சல்காரர் வந்து நின்னார். இங்கேயே ஒரு வள்ளத்துல பங்கு வெச்சிருக்கிறவர். "சாரே, கடல்ல சாளையே இல்ல. தவணைக்கு நான் எங்க போவேன்?" நான் நோட்டீஸைத்தான் நீட்டினேன்.

அவர் சொன்னது பொய்யில்ல. கொச்சியில இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட கணக்கைப் பாருங்க. கேரளாவுல 2012-ல் பிடிச்ச சாளை கிட்டத்தட்ட 4 லட்சம் டன். 2021-ல் வெறும் 3,297 டன்!

"அதான் செயற்கைக்கோள் இருக்கே" என்பார்கள். ஹைதராபாத் இன்காய்ஸ், கடல் மேற்பரப்பின் சூட்டையும் தண்ணியில இருக்கிற பச்சையத்தையும் பார்த்து, மீன் கூடக்கூடிய இடத்தைச் சொல்லுது. நல்ல விஷயம், டீசல் மிச்சம். ஆனா அது சொல்றது இடத்தை மட்டும்தான், எத்தனை கூடைன்னு இல்ல. மீனே குறைஞ்சு போனா எந்த இடத்துக்குப் போய் என்ன?

எல் நினோ வருதுன்னு மாசக்கணக்குல முன்னாடியே சொல்லிடறாங்க. 2015 எல் நினோவையும் சாளை சரிஞ்சதையும் சேர்த்தே ஆராய்ச்சியாளர்கள் பேசறாங்க. மழை பொய்த்தா விவசாயியோட தவணையைத் தள்ளி வைக்கிறோம். கடல் சூடானா மீனவருக்கு நோட்டீஸ். என்ன நியாயம் இது?

முன்னறிவிப்பை வள்ளக்காரர் மட்டும் படிச்சா போதாது, கடன் கொடுத்தவனும் படிக்கணும். மீன் வர்ற மாசம் கூடுதலா, வராத மாசம் குறைச்சலா தவணை போட பெரிய விஞ்ஞானம் வேண்டாம். என்னோட பி.காம். போதும்.

ஊர்ல படகு வெச்சிருக்கிற சொந்தக்காரங்க இருந்தா, கடன் பத்திரத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதைக் கேட்கச் சொல்லுங்க.