டேப்புக்குத் தெரியாத ரகசியம்!

ஸ்ரீரங்கத்தைச் சுத்தி ஓடற காவிரியும் கொள்ளிடமும் முக்கொம்புலதானே பிரியுது? காவிரியில வெள்ளம் வந்தா, ஷட்டரைத் திறந்து கொள்ளிடத்துல விட்டுடுவாங்க. யானைக்கால் ஆபரேஷன்லயும் இதே ஐடியாதான்!

நிணநீர் போக வழியில்லாம தேங்கினா கால் வீங்கும். அதனால, நிணநீர்ப் பாதையைப் பக்கத்து ரத்தக்குழாயோட இணைச்சுடறாங்க. நம்ம பக்கத்து ஊர் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி டாக்டர் எஸ்.ஜமால், இதைப் பத்தி 1981-லயே சர்வதேச இதழ்ல கட்டுரை எழுதியிருக்கார்.

சரி, ஆபரேஷன் ஜெயிச்சுதா? டேப் வெச்சு அளந்தா சுற்றளவு தெரியும். ஆனா, காலைத் தூக்கி வெச்சுப் படுத்தாலே வீக்கம் கொஞ்சம் வடியுமே பாஸ்! அதனால, கால்விரல் இடுக்குல டெக்னீஷியம்-99எம் கலந்த மருந்தைத் துளியூண்டு ஊசி போட்டு, காமா கேமராவுல பார்க்கறாங்க. மருந்து சரசரன்னு மேலே ஏறினா, ரூட் க்ளியர். தோலுக்கடியிலேயே பரவி நின்னா, இன்னும் டிராஃபிக் ஜாம்! ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த படத்தோட ஒப்பிட்டாதான் ரிசல்ட். கதிர்வீச்சா? 6 மணி நேரத்துக்கு ஒருதடவை பாதி பாதியா குறைஞ்சுடும். பயம் வேணாம்!

உங்க தெருவுல யாராவது ஆபரேஷன் முடிஞ்சு வந்திருந்தா, மறக்காம சொல்லுங்க... ‘கால் இளைச்சுடுச்சுன்னு நீங்களே பேண்டேஜைக் கழட்டிடாதீங்க. படம் பார்த்துட்டு டாக்டர் சொல்லட்டும்!’