நுண்ணுயிரின் தனி வழி

நோய்க் கிருமியைக் கொல்வது அரிதன்று; கிருமியைக் கொன்று நோயாளியைக் காப்பதே அரிது. நெருப்பும் கிருமியைக் கொல்லும், நஞ்சும் கொல்லும். ஆயினும் அவை மருந்தாகா. கிருமிக்கு இன்றியமையாததும் நம் உடலில் இல்லாததுமான ஒன்றைக் கண்டு தாக்குவதே நல்ல மருந்தின் இலக்கணம். அத்தகைய ஒன்றைப் பற்றி இம்மாதம் வாசகர்களோடு சிந்திக்க விழைகிறோம்.

நம் குடலில் வாழும் ஈ. கோலி என்னும் பாக்டீரியாவிடம் ஏறத்தாழ 4,300 மரபணுக்கள் உள்ளன. ஜப்பானிய அறிஞர்கள் அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 3,985 மரபணுக்களுள் எந்த ஒன்றை நீக்கினாலும் அது பிழைத்துக்கொண்டது. 303 மரபணுக்களை மட்டும் நீக்க இயலவில்லை. இவற்றுள் ஐசோப்பிரினாய்டுகளை ஆக்கும் மரபணுக்களும் அடங்கும்.

ஐசோப்பிரினாய்டுகள் என்பன யாவை? ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட சிறு அலகுகளைச் செங்கற்களைப் போல் இணைத்துக் கட்டப்படும் பொருள்களே அவை. ரப்பரும், கற்பூரமும், கேரட்டின் நிறமும், நம் உடலின் கொலஸ்டிராலும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பாக்டீரியாவோ பதினோரு செங்கற்களை இணைத்து, 55 கார்பன் கொண்ட நீண்ட சுமையாள் ஒன்றை ஆக்கிக்கொள்கிறது. தன் சுவருக்கு வேண்டிய பொருள்களைச் சவ்வுக்கு அப்பால் கொண்டு சேர்ப்பது அதுவே. அது இன்றேல் சுவர் எழும்பாது, சுவரின்றி ஈ. கோலி வாழாது.

இச்செங்கல்லை எல்லா உயிர்களும் மெவலோனேட் வழி என்ற ஒரே முறையில் செய்வதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. பிரான்சு நாட்டு அறிஞர் மிஷேல் ரோமெர், அடையாளமிட்ட கார்பனைப் பாக்டீரியாவுக்கு உணவாக அளித்து, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று ஆராய்ந்தார். பழைய கணக்கு ஒத்துவரவில்லை. வேறொரு வழி உண்டென்பதை 1993இல் வெளியான அவரது ஆய்வு காட்டியது. ஏழு நொதிகளால் நடைபெறும் அவ்வழி ஈ. கோலியிலும் காசநோய்க் கிருமியிலும் உண்டு. பாக்டீரியா அல்லாத மலேரியா ஒட்டுண்ணியிலும் உண்டு. மனிதரிடம் இல்லை!

அவ்வழியின் இரண்டாம் நொதியைத் தடுக்கும் மருந்து பாஸ்மிடோமைசின். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் காபோனிலும் தாய்லாந்திலும் மலேரியா நோயாளிகளுக்கு அது தரப்பட்டது. காய்ச்சல் தணிந்தது, ஆனால் அதனை மட்டும் தனியே அளித்தபோது, பலரிடம் ஒட்டுண்ணி மீண்டும் தலைகாட்டியது. காசநோய்க் கிருமிக்குள்ளோ அம்மருந்தால் நுழையவே இயலவில்லை. பகைவனின் வழி தெரிந்தும், கோட்டை வாயில் திறக்கவில்லை!

ஒரு புதிய இலக்கைக் கண்டபின்னும் மருந்து கைக்கு வர இத்தனை காலம் ஆகிறது. இருக்கும் மருந்துகளோ, முறையின்றி உட்கொள்ளப்படுவதால் வலிமை இழந்து வருகின்றன. ஆகவே பெற்றோரே, மருத்துவர் சொல்லாமல் கிருமிக்கொல்லி மருந்தை வாங்காதீர்கள். அவர் குறித்த நாள்வரை அதனை நிறுத்தாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மீந்த மாத்திரையைக் கொடுப்பதும் அன்பாகாது. நாளை நம் பிள்ளைகளுக்குத் தேவைப்படும் மருந்தை, இன்றே நாம் வீணாக்கலாமா?