முதுமையின்மேல் பழி போடாதீர்!



"வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்." நம் வீட்டு முதியவர்களின் எல்லா நோவுக்கும் இந்த ஒரே விடைதான். முகம் வெளிறினாலும் வயது; கையில் காரணமின்றி நீலம் பாய்ந்தாலும் வயது; ஈறில் குருதி கசிந்தாலும் வயது! அண்மையில் அவர் என்ன மாத்திரை உட்கொள்ளத் தொடங்கினார் என்று ஏன் எவரும் கேட்பதில்லை?

ஆன்டிபயாடிக் மருந்துகள் உயிர் காப்பவை, மறுக்கவில்லை. ஆயினும் அவற்றுள் சில குருதியையும் தாக்கும். இது நேற்று அறிந்த செய்தியன்று. 1949இல் விற்பனைக்கு வந்த குளோராம்பெனிகால், அரிதாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையை முடக்கி உயிரைப் பறித்தது. 1952லேயே அதுபற்றி எச்சரிக்கை எழுந்தது.

இன்றைய மருந்துகளைப் பாருங்கள். லினசோலிட் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் குருதித் தட்டணுக்கள் குறையக்கூடும். சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு இந்த இடர் கூடுதல். வாரந்தோறும் குருதி அணுக்களைக் கணக்கிடுமாறு மருந்துக் குறிப்பே கூறுகிறது. கோ-டிரைமோக்சசோல், ஃபோலேட் சத்து குன்றிய முதியவருக்குச் சோகையை உண்டாக்கக்கூடும். குருதி உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவருக்கு இதையோ மெட்ரோனிடசோலையோ சேர்த்துக் கொடுத்தால், வார்ஃபரினின் வேகம் மிகுந்து உட்கசிவு நேரலாம்.

இதய மருந்து அரசு மருத்துவமனையில். காய்ச்சல் மருந்து வீட்டருகே உள்ள கிளினிக்கில். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. மாத்திரை உறையில் இருப்பதோ பெரும்பாலும் மலாய் அல்லது ஆங்கிலம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அதனால் என்ன பயன்?

மருத்துவருக்கு நேரமில்லை என்பர். ஒரு மருந்துப் பட்டியலைப் பார்க்க அரை நிமிடம் போதாதா? பட்டம் பெற்ற பிள்ளைகளே, அப்பட்டியலை எழுதிக் கொடுக்க உங்களுக்குமா நேரமில்லை?

பெற்றோர் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள், தமிழிலும் எழுதுங்கள். புதிய ஆன்டிபயாடிக் கொடுக்கப்படும்போது அத்தாளைக் காட்டி, "குருதிப் பரிசோதனை தேவையா?" என்று கேளுங்கள். தாமாக மருந்தை நிறுத்த வேண்டா. நீலத்தழும்பு, ஓயாத கசிவு, கறுத்த மலம் ஆகியவற்றைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி கேட்கும்படி மாணவர்களுக்கு வகுப்பறையில் கற்பிக்கிறோம். மருத்துவர் முன் நாம் மட்டும் ஏன் ஊமையாகிறோம்?

சிந்திப்போம், செயல்படுவோம்.