வாழைக்காய் ஏன் கறுக்கிறது?

வாழைக்காயைச் சீவித் தட்டில் போட்டு வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துவிடும். தண்ணீரிலோ மோரிலோ போட்டால் கறுக்காது. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் இதை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. வாழைப்பூ ஆய்கிறவர் பக்கத்தில் ஒரு பாத்திரம் மோர்த்தண்ணீர் இருக்கும். எதற்கு என்று கேட்டால், "இல்லேன்னா கறுத்துப்போயிடும்ல" என்பதோடு பதில் முடிந்துவிடும்.

இங்கிலாந்தில் பதினாறு வயதில் ஜிசிஎஸ்இ தேர்வு எழுதும் மாணவருக்கு இதே கேள்வி வினாத்தாளில் வரலாம். அங்கே வாழைக்காய்க்குப் பதில் ஆப்பிள், அவ்வளவுதான். வெட்டுப்பட்ட திசுக்களில் உள்ள நொதி ஆக்சிஜனின் துணையோடு நிறத்தை மாற்றுகிறது. புளிப்பு அந்த நொதியை மந்தப்படுத்துகிறது. தண்ணீர் காற்றை அண்டவிடாமல் செய்கிறது. இப்படி எழுதினால் மதிப்பெண். பாடத்தின் பெயர் 'உணவு தயாரிப்பும் ஊட்டச்சத்தும்'. 2016-இல் வகுப்பறைக்கு வந்தது, 2018-இல் முதல் தேர்வு நடந்தது.

சமையல் பாடம் என்றால் சுலபமாகத் தேறிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதன் தேர்வு முறையைப் பார்க்க வேண்டும். பாதி மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு. மீதிப் பாதியில் ஒரு பகுதி உணவறிவியல் ஆய்வு: சோள மாவு, கோதுமை மாவு, அரிசி மாவு ஆகியவற்றில் எது குழம்பை எவ்வளவு கெட்டியாக்குகிறது, ஏன் என்பதைச் சோதித்து, அளந்து, அறிக்கை எழுத வேண்டும். இன்னொரு பகுதிதான் அடுப்படி. மூன்று மணி நேரத்துக்குள் மூன்று பதார்த்தம் செய்து பரிமாற வேண்டும்.

அந்த மூன்று மணி நேரத்துக்கு மாணவர் முன்கூட்டியே ஒரு நேர அட்டவணை எழுதிக்கொண்டு வருவார். ரொட்டி மாவு பொங்கும் நேரத்தில் காய் நறுக்கலாம். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஓவனைச் சூடேற்றலாம். சிக்கன் தொட்ட பலகையைக் கழுவாமல் சாலட் பக்கம் போகக் கூடாது. நறுக்கும்போது காயைப் பிடிப்பதற்கே இரண்டு முறைகள் சொல்லித் தருகிறார்கள். ஒன்றில் கட்டை விரலும் மற்ற விரல்களும் பாலம்போல் காயைப் பிடித்திருக்க, கத்தி நடுவில் இறங்கும். மற்றதில் விரல் நுனிகள் பூனை நகம்போல் உள்ளே மடங்கியிருக்கும். காலை ஆறு மணிக்கு எழுந்து எட்டு மணிக்குள் டிபன், மதியச் சாப்பாடு, மூன்று டப்பா என்று முடித்து அனுப்புகிற ஒவ்வொரு தமிழ்நாட்டு அம்மாவும் இந்த அட்டவணையை மனதில் வைத்திருக்கிறார். அதைத் தாளில் எழுதச் சொல்லி மதிப்பெண் போட யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் வித்தியாசம்.

உணவுப் பாடத்தின் உடன்பிறப்பு 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்ற பாடம். இங்கேயும் பாதிக்குப் பாதி. தேர்வு வாரியம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1 அன்று சில சூழல்களை அறிவிக்கும். முதியவர்களின் தேவை என்பதுபோல ஒரு வரிதான் இருக்கும். அதிலிருந்து பிரச்சினையைக் கண்டுபிடிப்பது மாணவரின் பொறுப்பு. விரல் மூட்டு வீங்கிய பாட்டியால் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். பாட்டியின் கைப்பிடியை அளந்து, அட்டையில் ஒரு மாதிரி செய்து, அவர் கையிலேயே கொடுத்துப் பார்த்து, வழுக்குகிறது என்றால் ரப்பர் சேர்த்து, பிறகு மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்ய வேண்டும். ஏறக்குறைய 35 மணி நேர வேலை. எழுத்துத் தேர்விலும் குறைந்தது 15 சதவீத மதிப்பெண் கணக்குக்குப் போகும். கணக்குக்குப் பயந்து தச்சுப் பட்டறையில் ஒதுங்க முடியாது.

இங்கிலாந்திலும் கைவேலைக்கு ஒரு காலத்தில் மரியாதை இருந்ததில்லை. 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். தேறியவர்களுக்கு கிராமர் ஸ்கூலும் லத்தீனும். மற்றவர்களுக்கு வேறொரு பள்ளி, அங்கே பையன்களுக்கு மரவேலை, பெண்களுக்குச் சமையலும் தையலும். பாலினப் பாகுபாட்டை 1975-இல் சட்டம் தடை செய்த பிறகுதான் பையன் ஊசி எடுக்கவும் பெண் ரம்பம் எடுக்கவும் வழி பிறந்தது. 1988-இல் தேசியப் பாடத்திட்டச் சட்டம் வந்தது. 1990-இல் மரவேலை, உலோக வேலை, சமையல், தையல் எல்லாம் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்ற ஒரே குடையின் கீழ் வந்து, பையனும் பெண்ணும், தேறியவரும் தேறாதவரும் படித்தே ஆக வேண்டிய பாடமாயின. உலகில் இதை முதலில் செய்தது தாங்கள்தான் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமைப்படுவார்கள்.

அந்தப் பாடத்துக்காக உழைத்தவர்களில் மைக் ஐவ் ஒருவர். வெள்ளி வேலை தெரிந்தவர், ஆசிரியர், பிறகு அரசின் பள்ளி ஆய்வாளர். கிறிஸ்துமஸ் பரிசாக அவர் தன் மகனுக்குக் கொடுத்தது கல்லூரிப் பட்டறையில் ஒரு நாள். என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்; ஆனால் முதலில் கையால் வரைந்து காட்ட வேண்டும். அந்த மகன்தான் பின்னாளில் ஐபோனை வடிவமைத்த ஜோனி ஐவ். எல்லா வீட்டிலும் பட்டறைச் சாவி வைத்திருக்கும் அப்பா இருக்கமாட்டார். அந்த ஒரு நாளை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதற்குத்தான் பள்ளி.

ஆரம்பம் சொதப்பல்தான். வேலையைவிட ஏடு அதிகம் என்று ஆசிரியர்கள் நொந்துகொண்டார்கள். உணவு வகுப்பில் பிள்ளைகள் பீட்சா செய்யாமல் பீட்சா டப்பாவுக்குப் படம் வரைகிறார்கள் என்ற கேலி வெகுகாலம் நீடித்தது. அந்தக் கேலியில் நியாயமும் இருந்தது.

ஆனால் பாடத்தை வீழ்த்தியது அந்தக் குறை அல்ல. 2004-இல் பதினான்கு வயதுக்கு மேல் வடிவமைப்புப் பாடம் கட்டாயமில்லை என்றானது. 2010-இல் 'இபாக்' என்ற அளவுகோலை அரசு கொண்டுவந்தது: ஆங்கிலம், கணிதம், அறிவியல், ஒரு வேற்று மொழி, வரலாறு அல்லது புவியியல். பள்ளியின் தரத்தை மதிப்பிடும் பட்டியலில் இவற்றுக்குத் தனி இடம். வடிவமைப்புக்கும் உணவுக்கும் அதில் இடமில்லை. யாரும் எந்தப் பாடத்தையும் தடை செய்யவில்லை. தலைமையாசிரியர்கள் பட்டியலைப் பார்த்தார்கள். பட்டறையில் ஓர் ஆசிரியருக்கு 20 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்ற பாதுகாப்பு வழிகாட்டுதலையும், மரத்துக்கும் மாவுக்கும் ஆகும் செலவையும் பார்த்தார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கல்விக் கொள்கை நிறுவனம் என்ற ஆய்வமைப்பு 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2009-இல் ஜிசிஎஸ்இ மாணவர்களில் 44 சதவீதம் பேர் வடிவமைப்புப் பாடத்தை எடுத்தார்கள். 2020-இல் 22 சதவீதம். ஆசிரியர் எண்ணிக்கை 14,800-லிருந்து 7,300 ஆனது. பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான ஏ லெவலில் உணவுப் பாடமே இங்கிலாந்தில் இல்லாமல் போனது. பிரிட்டனின் உற்பத்தித் துறைகளில் மிகப் பெரியது உணவும் பானமும்தான் என்பதை யாரும் அந்த நேரத்தில் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு வேடிக்கை: இபாக் வந்த அதே 2010-இல்தான் 'கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்ற கேக் சுடும் போட்டி தொலைக்காட்சியில் தொடங்கியது. நாடே உட்கார்ந்து அடுத்தவர் சமைப்பதை ரசித்தது. 'குக் வித் கோமாளி' பார்த்த ஊருக்கு இந்த ரசனையை விளக்க வேண்டியதில்லை.

ஒரு நல்ல காரியமும் நடந்தது. பள்ளி உணவைப் பற்றி 2013-இல் வெளிவந்த திட்டத்தையொட்டி, 2014 செப்டம்பரிலிருந்து பதினான்கு வயது வரை சமையல் கட்டாயம் என்று பாடத்திட்டத்தில் எழுதினார்கள். இனிப்பைக் குறைத்து, சாப்பாட்டுக்கு உதவும் பதார்த்தங்களைச் செய்யத் தெரிய வேண்டும் என்பது நோக்கம். நடைமுறையில், பொருட்களை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய பள்ளிகளில் ஏழைப் பிள்ளையின் பையில் வெண்ணெய் இருக்காது. ஆசிரியர் தன் காசில் வாங்கி வைப்பார். 2025 நவம்பரில் இபாக் அளவுகோலைக் கைவிடுவதாக அரசு அறிவித்துவிட்டது. ஆனால் அதற்குள் போன ஆசிரியர்களை அறிவிப்பால் திரும்ப அழைக்க முடியாது.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கு என்ன இருக்கிறது? பள்ளியில் கைத்தொழில் என்று சொன்னதும் இங்கே எழும் முதல் சந்தேகம் முற்றிலும் நியாயமானது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அரை நாள் படித்துவிட்டு மீதி நேரம் அப்பாவின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று பெயர் பெற்று, எதிர்ப்பில் சிக்கி, 1954-இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டத்தின் கேடு கைவேலையில் இல்லை. யார் கை எந்த வேலை என்பதைப் பிறப்பு முடிவு செய்ததில் இருந்தது. செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கக் கற்றால் அது குலக்கல்வி. வக்கீல் மகளும் செருப்புத் தைப்பவர் மகனும் ஒரே மேசையில் உளி பிடித்தால் அதற்கு வேறு பெயர்.

இங்கிலாந்து 1990-இல் செய்தது அந்த இரண்டாவது காரியம். 2004-க்குப் பிறகு நடந்தது, விருப்பம் என்ற பெயரில் பழைய பிரிவினைக்கு மறுபடி கதவைத் திறந்துவிட்டது. நமக்கும் அது பழக்கமான கதவுதான். மேல்நிலைப் பள்ளியில் 'ஒக்கேஷனல் குரூப்' என்று சொல்லும்போதே பெற்றோர் குரல் இறங்கிவிடும். மார்க் வராதவர் போகும் இடம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அங்கே மார்க் வருவதில்லை என்று பிறகு வருத்தப்படுவது நம் வழக்கம்.

ஒரு பாடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று அறிய ஆசிரியரின் சம்பளச் சீட்டைப் பார்த்தால் போதும். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி, இசை போன்றவற்றுக்காகத் தமிழ்நாடு அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள். சம்பளம் பின்னர் கூடியது. நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடிய செய்தி ஆண்டு தவறாமல் வந்தது. தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கும் முதல் பீரியட் தையல் டீச்சருடையது. திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

நாம் செய்ய வேண்டியது இதுதான்: ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு பையனுக்கும் பெண்ணுக்கும் வாரத்துக்கு இரண்டு பீரியட், தொடர்ச்சியாக, மதிப்பெண்ணோடு. ஒரு பருவம் அடுப்பு, ஒரு பருவம் மரம், ஒரு பருவம் துணி, ஒரு பருவம் மின்சாரம். இதற்கு லண்டனைப் பார்த்துப் பாடம் எழுத வேண்டியதில்லை. பரோட்டா மாவை எண்ணெய் தடவி ஊறவைப்பது எதற்கு, இட்லி மாவு குளிர்காலத்தில் ஏன் பொங்க மறுக்கிறது, பஸ்ஸில் எட்டாத கைப்பிடியை எப்படி மாற்றலாம் என்று கேள்விகள் இங்கேயே கொட்டிக் கிடக்கின்றன.

கட்டடம் எங்கே என்று அதிகாரிகள் கேட்கலாம். அரசுப் பள்ளிகளுக்கு ஒரு வசதி இருக்கிறது: பெரும்பாலான வளாகங்களில் சத்துணவுக் கூடம் ஏற்கெனவே உண்டு. பிள்ளைகளுக்கு அதோடு உள்ள உறவு தட்டை நீட்டுவதோடு சரி. அந்தக் கூடத்துக்குள்ளும் சாதி நுழைந்திருக்கிறது: 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பட்டியலினப் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தது செய்தியானது. அப்படி எதிர்த்தவர்களின் பிள்ளைகளும் அந்தச் சமையலரின் பிள்ளைகளும் முறை வைத்து ஒரே பலகையில் வெங்காயம் நறுக்கி, ஒரே பாத்திரத்தில் கொட்டி, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, பிறகு பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த பீரியடுக்குப் போகும் ஒரு வகுப்பு எந்தப் பள்ளியின் கால அட்டவணையிலும் இன்னும் இல்லை.