பாலைவனத்தில் ஒரு மாலை: குடும்பத்திற்கு நாம் தர மறந்த நேரம்



வளைகுடா நாடுகளில் மனைவி மக்களோடு வாழ்வோரைக் கொடுத்து வைத்தவர்கள் என்று ஊரில் உள்ளோர் சொல்வதுண்டு. வாப்பா ஒரு நாட்டிலும் பிள்ளைகள் இன்னொரு நாட்டிலுமாகப் பல்லாண்டுகளைக் கழித்த முந்தைய தலைமுறையை எண்ணிப் பார்த்தால் அது உண்மையே. அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தக் கடமைப்பட்டுள்ளோம். எனினும், ஒரே கூரையின் கீழ் இருப்பதும் ஒன்றாக வாழ்வதும் ஒன்றுதானா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வதில்லை. ஷார்ஜாவில் குடியிருந்து துபாயில் பணிபுரியும் ஒருவர் தம் பிள்ளைகளின் முகத்தைக் காண்பதைவிட முன்னே நிற்கும் வாகனத்தின் சிவப்பு விளக்கைக் காணும் நேரமே அதிகம். விடுமுறை நாளோ மளிகை வாங்குவதிலும் மாலில் சுற்றுவதிலும் கழிந்துவிடுகிறது. அங்கும் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஐவர் கையிலும் ஐந்து கைபேசிகள்.

குளிர்காலத்தில் ஒரேயொரு நாளையாவது இதிலிருந்து மீட்டெடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். அதற்கு விமானச் சீட்டு தேவையில்லை. நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் பாலைவனம் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் சில இரவுகளில், திறந்த வானத்தின் கீழ், மணல்மேடுகளையே மேடையாகக் கொண்டு நாடகங்களும் நடைபெறுகின்றன.

ஷார்ஜா பாலைவன நாடக விழாவைப் பற்றி நம்மவருள் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஷார்ஜாவின் கலாசாரத் துறை அல் குஹைஃப் என்னும் பாலைவனப் பகுதியில் இவ்விழாவை நடத்தி வருகிறது. 2015 டிசம்பரில் நடந்த முதல் விழா, ஷார்ஜா ஆட்சியாளர் டாக்டர் ஷேக் சுல்தான் பின் முஹம்மது அல் காசிமி எழுதிய நாடகத்தோடு தொடங்கியது. எமிரேட்ஸ் குழுக்களோடு மவுரித்தானியா, ஜோர்தான் போன்ற நாடுகளின் குழுக்களும் வந்து தத்தம் பாலைநில மக்களின் கதைகளை நடித்துக் காட்டுகின்றன. மெய்யான குதிரைகள் மணல்மேட்டிலிருந்து இறங்கி வருகின்றன. ஒட்டகங்கள் வரிசையாகக் கடந்து செல்கின்றன. கூடாரங்களின் முன்னே கவிதையும் கதையும் ஒலிக்கின்றன.

நாடகம் பார்க்கவா குடும்பத்தை அழைத்துச் செல்வது என்று முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அவர்களின் தயக்கத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. இசைக் கருவிகள் குறித்தும், ஆணும் பெண்ணும் கலந்திருக்கும் அவைகள் குறித்தும் மார்க்க அறிஞர்கள் எச்சரித்திருப்பதை நாம் அறிவோம். ஐயமுள்ளோர் நிகழ்ச்சியின் தன்மையை முன்கூட்டியே விசாரித்து, தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை. மனம் ஒப்பாவிடில் நாடகத்தை விட்டுவிட்டுப் பாலைவனத்திற்கு மட்டும் சென்று வரலாம். ஆனால், பொழுதுபோக்கு என்றாலே வீண் என்று கதவை அடைத்துவிட்டால் பிள்ளைகள் அந்நேரத்தில் குர்ஆன் ஓதிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மூடிய அறைக்குள் தனித்தனித் திரைகளில் அவர்கள் எதைப் பார்க்கின்றனர் என்பதை நாம் அறிவதும் இல்லை. அதைப் பற்றி அவர்களோடு பேசுவதும் இல்லை. பெற்றோர் அருகிருந்து தேர்ந்தெடுத்துக் காட்டும் காட்சி அதனினும் மேலானது என்பதே எம் கருத்து.

இவ்விடத்தில் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள ஒரு நிகழ்வை நினைவுகூர்வது பொருத்தமாகும். ஒரு பெருநாளன்று அபிசீனியர் மதீனாவின் பள்ளிவாசலில் ஈட்டிகளையும் கேடயங்களையும் கொண்டு விளையாடினர். அதைக் காண விரும்பிய அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தமக்குப் பின்னால் நிறுத்திக் காணச் செய்தார்கள். அன்னையாருக்குப் பார்த்துச் சலிக்கும் வரை நபியவர்கள் அவ்விடத்தை விட்டு நகரவில்லை. ஒரு சமுதாயத்தின் சுமை முழுவதையும் தோளில் தாங்கிய தலைவருக்குச் செய்ய வேறு பணிகள் இல்லாமலா இருந்தன? இளம் மனைவியின் ஆவல் தீரும் வரை அவசரமின்றி நின்றதுதான் இதில் நாம் கற்க வேண்டிய பாடம். நாம் குடும்பத்திற்குப் பணம் தருகிறோம், பண்டங்கள் தருகிறோம். கடிகாரத்தைப் பாராத நேரத்தை மட்டும் தருவதில்லை.

அவசரம் ஒரு நல்ல பயணத்தை எவ்வாறு பாழாக்கும் என்பதை நாங்களே அனுபவித்திருக்கிறோம். முதன்முறை சென்றபோது எத்திட்டமும் இன்றி, அஸருக்குப் பின் வெகுநேரம் கழித்துப் புறப்பட்டோம். வழியில் எரிபொருள் நிரப்பவும் சிற்றுண்டி வாங்கவும் நின்றோம். டிசம்பரில் ஏறத்தாழ மாலை 5.30 மணிக்கே கதிரவன் மறைந்துவிடும் என்பதை எவரும் நினைக்கவில்லை. தொழ இடம் தேடி அலைந்து, மஃரிபின் இறுதி வேளையில் பதற்றத்தோடு தொழுதோம். வழி தவறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாடகம் பாதி முடிந்திருந்தது. குளிருக்கு ஏற்ற உடையின்றிப் பிள்ளைகள் நடுங்கினர். குற்றம் யாருடையது என்னும் வாக்குவாதத்தோடு வீடு திரும்பினோம். பிழை முழுவதும் எங்களுடையதே.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு வாரம் முன்னதாகவே குடும்பத்தோடு அமர்ந்து திட்டமிட்டோம். அதில் கற்றவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலாவதாக, பயணத்தைத் தொழுகை நேரங்களைச் சுற்றி அமைக்க வேண்டும். விழா நாள்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை ஆதலால், தேதியையும் நிகழ்ச்சி நேரத்தையும் உறுதி செய்துகொண்டு, அன்றைய தொழுகை நேரங்களை ஒரு தாளில் எழுதி வைத்தோம். லுஹர் தொழுது புறப்பட்டு, அஸரை மலீஹாவிலும், மஃரிபை மணல்வெளியிலும், இஷாவை நாடகத்திற்கு முன்பும் தொழுவது என்று முடிவாயிற்று. ஷார்ஜாவிலிருந்து மலீஹா, கஸ்ர் தொழுகைக்குரியதாக அறிஞர் பலர் கூறும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் எல்லைக்குக் குறைவான தொலைவே. ஆகவே தொழுகைகளைச் சுருக்காமல் அதனதன் நேரத்தில் முழுமையாகத் தொழுதோம். அபுதாபி போன்ற தொலைவிடங்களிலிருந்து வருவோர் தம் நிலையைத் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டறிந்து கொள்க. உளூவுக்கென்று தனியே இரண்டு கேன்களில் தண்ணீர் எடுத்துச் சென்றது பெரும் உதவியாக இருந்தது.

இரண்டாவதாக, பிள்ளைகளுக்குப் பொறுப்பைப் பகிர்ந்தளிக்க வேண்டும். மூத்தவன் வழியையும் கிப்லாவையும் கண்டறிய வேண்டும் என்றோம். எமிரேட்ஸில் கிப்லா மேற்கிலிருந்து சற்றுத் தெற்காகவும், தமிழகத்தில் மேற்கிலிருந்து சற்று வடக்காகவும் அமைந்திருப்பதை அவனே வரைபடத்தில் கண்டு எங்களுக்கு விளக்கினான். மக்கா ஷார்ஜாவுக்குத் தெற்கேயும் தமிழகத்திற்கு வடக்கேயும் இருக்கும் நிலநூற் செய்தி அவன் மனத்தில் அன்று பதிந்தது. இளையவள் பாய், போர்வை, தொழுகை விரிப்பு ஆகியவற்றை எண்ணி வைத்தாள். பொறுப்பேற்ற பிள்ளை பயணத்தில் சலிப்பதில்லை.

மூன்றாவதாக, இடங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் மலீஹா ஒன்றையே தேர்ந்தோம். அங்குள்ள தொல்லியல் மையத்தில் 4,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட உம்முன்னார் காலக் கல்லறையைக் காணலாம். அருகிலுள்ள ஃபாயா மலைப்பகுதியில் 1,00,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த தடயங்கள் கிடைத்துள்ளன. அந்நிலப்பரப்பை யுனெஸ்கோ 2025-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் (29:20) பணிக்கிறது. அதற்கான பாடசாலை நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும்போது, நம் பிள்ளைகள் அதைப் பாடநூலில் மட்டும் படித்துக்கொண்டிருக்கலாமா?

நான்காவதாக, வாகனத்தையும் நிலத்தையும் மதிக்க வேண்டும். சாதாரணக் காரில் செல்வோர் தார்ச்சாலையை விட்டு மணலில் இறங்கலாகாது. இருட்டியபின் சாலையில் ஒட்டகம் குறுக்கிடக்கூடும் என்பதால் மெதுவாகச் செல்ல வேண்டும். மழை அறிவிப்பு இருந்தால் வாதிகளின் பக்கம் போகாமல் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். உணவை வீட்டிலிருந்து பாத்திரங்களில் எடுத்துச் சென்று, குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நாம் எறியும் நெகிழிப் பைகளைத் தின்ற ஒட்டகங்களின் வயிற்றில் அவை கட்டியாக இறுகி, அவற்றின் உயிரையே பறிப்பதைத் துபாயின் கால்நடை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பாதையில் கிடக்கும் தீங்கை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கற்ற சமுதாயம், தானே தீங்கைப் போட்டுவிட்டு வரலாமா?

ஐந்தாவது, நாங்கள் எதிர்பாராமல் கற்றது: முதியோரை விட்டுச் செல்லலாகாது. விசிட் விசாவில் வந்திருந்த எம் உம்மா அப்போது எங்களோடு இருந்தார்கள். குளிரும் மணலும் முதியவருக்கு ஒவ்வாது, அவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் முதலில் எண்ணினோம். வந்த இரண்டு மாதங்களில் பெரும்பாலான நாள்களை அவர் ஏழாவது மாடியின் சன்னலோரத்திலேயே கழித்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மடக்கு நாற்காலி ஒன்றும், கம்பளிப் போர்வையும், பிளாஸ்கில் இஞ்சித் தேநீரும் எடுத்துக்கொண்டு அவரையும் அழைத்துச் சென்றோம்.

நாடகம் அரபியில் நடந்தது. எங்களுக்கு அரைகுறையாகவே புரிந்தது. உம்மாவுக்கு மொழி அறவே தெரியாது. ஆயினும் குதிரைகள் வந்ததையும், பிணங்கிய இரு கோத்திரங்கள் ஈற்றில் ஒரே நெருப்பைச் சுற்றி அமர்ந்ததையும் கண்டு, கதையைத் தாமாகவே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். திரும்பும் வழியெல்லாம், தம் சிறுவயதில் ஊரில் இரவு முழுதும் சீறாப்புராணம் படித்துப் பொருள் சொன்ன மஜ்லிஸ்களைப் பற்றியும், தெருமணலில் பாய் விரித்து அமர்ந்து கேட்ட கிஸ்ஸாக்களைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார்கள். கிஸ்ஸாவும் மஸாலாவும் படைப்போரும் நொண்டி நாடகமும் நம் முன்னோர் வளர்த்த இலக்கிய வகைகள். வள்ளல் சீதக்காதியின் பெயரிலேயே ஒரு நொண்டி நாடகம் உண்டு. மணலில் அமர்ந்து கதை கேட்பது நமக்கு அந்நியமன்று. நாம் மறந்துவிட்ட வழக்கம் அது. எம் பிள்ளைகள் தம் உம்மம்மா அவ்வளவு பேசி அன்றுதான் கேட்டனர். அவர் ஊர் திரும்பிய பிறகும், தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் மீதிக் கதையைக் கேட்கின்றனர்.

அன்று நாடகம் முடிந்தபின் சிறிது நேரம் வானத்தைப் பார்த்து நின்றோம். நகரத்து வெளிச்சத்தில் காணாத விண்மீன்களை அங்கே கண்டோம். ரிஜெல் என்பது அரபியில் காலைக் குறிக்கும் சொல், அல்தபரான் என்றால் பின்தொடர்வது என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டது, வானம் எவ்வாறு உயர்த்தப்பட்டது என்று சிந்திக்கக் கோரும் ஸூரா அல் காஷியாவின் வசனங்களை மூத்தவன் தானாகவே ஓதினான். அவன் மத்ரஸாவில் மனனம் செய்த வசனங்கள்தாம் அவை. அவற்றின் பொருள் இரண்டும் அன்று அவன் கண்முன்னே இருந்தன.

செலவு என்று பார்த்தால், எரிபொருளும் மையத்தின் நுழைவுக் கட்டணமும் வீட்டு உணவும்தான். ஆடம்பரக் கூடாரங்களும் விலையுயர்ந்த சுற்றுலாத் தொகுப்புகளும் இல்லாமலே ஒரு குடும்பம் மகிழ முடியும். பிறர் காணப் படம் போடுவதற்காகச் செல்லும் பயணம் வேறு. ஒருவரையொருவர் காணச் செல்லும் பயணம் வேறு. கைபேசிகளை, வழிகாட்ட ஒன்றைத் தவிர, பையில் வைத்துவிடுமாறு வேண்டுகிறோம். வாப்பாமார்களே முதலில் வைக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். விசாவுக்கு முடிவுத் தேதி உண்டு, வேலைக்கும் உண்டு, ஆயுளுக்கு அதனினும் உறுதியாக உண்டு. பிள்ளைகள் நம்மோடு வர விரும்பும் வயதும் நீண்ட நாள் நிலைப்பதில்லை. இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஒரு நாளைக் குறித்துக்கொள்வோம். முதியோரையும் முன்னிருக்கையில் அமர்த்திப் புறப்படுவோம்.

நம் குடும்பங்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும் பயனுள்ளவையாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.